செண்பகத்தைக் கூப்பிட்ட சொல்

“உங்க பேர் என்னம்மா?” என்று கலைப்பிரியா கேட்டாள்.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலது கை மடியில் துணிபோலக் கிடந்தது. கேள்வி நன்றாகவே புரிந்தது. பதில் தெரிந்த பள்ளிப்பிள்ளையைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, மரியாதையாகச் சொன்னாள்.

“பேமானி.”

வாசலில் நின்ற நர்ஸ் சவுரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த கணவர் பதறி எழுந்தார்.

“ஐயோ மேடம், மன்னிச்சிக்குங்க. உங்கள சொல்லல.”

“தெரியும்யா, உக்காருங்க. அம்மா, நீங்க எந்த ஊரு?”

“பேமானி.” இந்தத் தடவை குரல் தயங்கியது.

கலைப்பிரியா ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினாள். கன்றுக்குட்டியோடு ஒரு மாடு. அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. மாட்டின் நெற்றியை இடது விரலால் தடவிக்கொண்டே, தாலாட்டுக்குப் பக்கத்தில் வரும் ஒரு குரலில் சொன்னாள். “பேமானி.”

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவள் காதில் விழுந்தது போலிருந்தது. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“ஏன் மேடம் அது மட்டும் வருது?” என்றார் கணவர். “ஊர்ல எத்தினி வார்த்தை கெடக்குது. சாமி பேரு வரக்கூடாதா? அம்மான்னு வரக்கூடாதா?”

“பக்கவாதம் வந்தா சில பேருக்கு இப்படி ஒரே சொல்லு மாட்டிக்கும்யா. மனசுல நெனக்கிறது வேற, வாயில வர்றது வேற. அவங்க நம்மள திட்டல. மாடுன்னுதான் சொன்னாங்க. முன்னாடி இந்த வார்த்தைய அவங்க சொல்றது உண்டா?”

“சத்தியமா கெடையாது மேடம். தெருவுல போற நாயக்கூட வாங்க போங்கன்னுவா.”

“நாய வாங்கன்னுவாங்களா?” என்றாள் சவுரியம்மாள்.

“ஒரு பேச்சுக்குச் சொல்றன் சிஸ்டர்.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மனைவிக்குக் கேட்காது என்பது போலக் குரலைத் தாழ்த்தினார். “மேடம், பேச வைங்கன்னு நான் கேக்கல. அந்த வார்த்தைய மட்டும் நிறுத்திக் குடுங்க. ஊமையா இருந்தாக்கூட நான் வச்சிப் பாத்துக்கறன். பொண்ணுக்கு ஆவணியில நிச்சயம். சபையில வந்து ஒக்காந்துகினு இத்தச் சொன்னா இன்னா ஆவறது?”

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

விழுப்புரத்துக்கு வெளியே இருந்த அந்த அரசு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சி அறையில் கலைப்பிரியா எத்தனையோ பேருடன் முதல் பேச்சு பேசியிருக்கிறாள். இது ஒன்றுதான் சொல்லுக்குச் சொல் வரிசையாக அவள் மனத்தில் நின்றது.

அந்த அம்மாளின் பெயர் செண்பகம். பிறந்தது திருவாமாத்தூர். வாழ்க்கைப்பட்டது வளவனூருக்குத் தெற்கே, கரும்பும் நெல்லும் விளைகிற ஒரு சிற்றூரில், துரைக்கண்ணுவுக்கு. சொந்த நிலம் கொஞ்சம், கறவை மாடுகள், ஒரே மகள் ஷாலினி. கரும்பின் காய்ந்த இலையான சோகையை உரிக்கிற நாட்களில் செண்பகம் கூலியாட்களோடு கூலியாளாக நிற்பாள். உரித்து முடிந்து கைகால் எல்லாம் அரிப்பெடுத்துச் சிவந்திருக்கையிலும், டீ வாங்கி வரும் பையனிடம் “வைங்க தம்பி, சூடா இருக்குது, பாத்து” என்பாளாம். பால் சொசைட்டியில் வரிசை தப்பி முன்னால் புகுந்தவரிடம்கூட, “அவசரங்களா? சரி போங்க” என்று ஒதுங்கி நிற்பாள். ஊரில் யாரோடும் சண்டை கிடையாது. குழாயடியில் குடம் உருண்டாலும் அவள் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் உருண்டதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலை மாட்டுக்குத் தீவனம் கலக்கும்போது சாய்ந்தாள். மருத்துவமனையில் கண் விழித்து, குனிந்து பார்த்த மருத்துவரை நோக்கி முதலில் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

நேர்மையில்லாதவன் என்று பொருள் கொண்ட ஓர் உருதுச் சொல், எப்போதோ இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு வந்து, உரசி உரசித் தேய்ந்து, யாரையும் எதற்கும் ஏசுவதற்கான வசையாகிப் போயிருந்தது. லாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் அப்படிச் சொல்வார்கள். சீட்டாடுகிறவர்கள் சொல்வார்கள். பெண்கள் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

கலைப்பிரியா ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப வரும் சொல் எவ்வகைப்பட்டது என்று அதில் ஒரு கட்டம். அவள் முதல் நாள் அதில் ‘ஸ்லாங்’ என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடியவளுக்கு அது சரிதானா என்று சந்தேகம் வந்தது. தமிழில் எழுதச் சொன்னால் என்ன எழுதுவாள்? கொச்சை என்றா, வசைச்சொல் என்றா, வட்டார வழக்கு என்றா? மூன்றும் ஒன்றில்லை. கொச்சை என்றால் சொன்னவளுக்குப் படிப்பில்லை என்று ஆகிவிடும். வசை என்றால் சொன்னவளுக்குக் கோபம் என்று ஆகும். வழக்கு என்றால் எல்லோரும் சொல்வதுதான், அதில் என்ன இருக்கிறது என்று ஆகிவிடும்.

மற்றவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. “கெட்ட வார்த்தை பேசற அம்மா வந்துட்டாங்க” என்பாள் சவுரியம்மாள். தெற்கத்தி ஊரிலிருந்து வந்திருந்த இளம் மருத்துவர், “ரொம்ப லோக்கலா இருக்கே, குப்பத்துப் பேச்சா?” என்று கேட்டார். வார்டில் அடுத்த கட்டிலில் இருந்த கிழவி, “வாய் சுத்தமில்லாத பொம்பள” என்று தன் மருமகளிடம் முணுமுணுத்தாள். மருமகள் வந்து கலைப்பிரியாவிடமே கட்டிலை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாள்.

திண்டிவனத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவள் கலைப்பிரியா. பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்கிற தமிழ். ‘வந்துகினு இருக்கேன்’ என்று சிறுவயதில் ஒரு முறை சொன்னதற்கு அவள் அம்மா, “அது ரோட்டுப் பேச்சு, வீட்டுக்குள்ள வரக்கூடாது” என்றார். அதனால் தெருவில் காதில் விழுந்த மொழி அவளுக்குப் புரியும், ஆனால் வாயில் வராது. இயல்பிலேயே அதிகம் பேசாதவள். பேச்சை இழந்தவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு வந்தது அவளுக்கே சில சமயம் வேடிக்கையாக இருக்கும்.

வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, வாரம் இரண்டு தடவை துரைக்கண்ணு மனைவியை அழைத்து வந்தார். பஸ்ஸில் ஏற்றி, தூணில் சாய்த்து நிறுத்தி, செருப்பை அவரே மாட்டிவிட்டு, கொண்டையில் பூ வைத்து அழைத்து வருவார். வார்டில் இருந்தபோது கழிவறைக்கு அவரே தூக்கிப்போவதைக் கலைப்பிரியா பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எந்தக் கணவனையும்விட நல்ல கணவன் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பாடல்போல ராகம் போட்டுச் சொற்களை இழுத்துச் சொல்ல வைப்பது ஒரு முறை. கையால் மேசையைத் தட்டிக்கொண்டே, “தண்…ணீ…” என்று கலைப்பிரியா இழுப்பாள். செண்பகமும் தட்டுவாள். உதடு குவியும், நாக்கு மேலண்ணத்தைத் தொடும். கடைசியில் “பேமானி” என்று வந்து விழும். உடனே கை வாய்க்குப் போய்விடும். பயிற்சி நேரத்தில் பாதி அந்தக் கையை வாயிலிருந்து எடுப்பதிலேயே கழியும்.

“எடுங்கம்மா. இங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்.”

செண்பகம் கதவைப் பார்ப்பாள். கதவுக்கு வெளியே துரைக்கண்ணு உட்கார்ந்திருப்பார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவருக்குப் பதிலாக மகள் வந்தாள். ஷாலினி விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். அம்மாவைப் போலவே அகன்ற நெற்றி, அப்பாவைப் போலச் சளசளவென்ற பேச்சு. பயிற்சி முடிந்து செண்பகத்தைச் சக்கர நாற்காலியில் மர நிழலில் உட்கார வைத்துவிட்டு, இருவரும் டீ குடித்தார்கள்.

“கரும்பு வெட்டறதுக்கு மில்லுல கட்டிங் ஆர்டர் வாங்க அப்பா அலையறாரு மேடம். அம்மா ஏதாச்சும் வேற வார்த்தை சொன்னாங்களா?”

“இன்னும் இல்ல. ஷாலினி, ஒண்ணு கேக்கட்டுமா? அம்மா முன்னாடி எப்பவாவது, கோவத்துலயாவது, அந்த வார்த்தைய…”

ஷாலினி டீயை ஊதினாள். “அம்மாவா? இல்ல மேடம். அது அப்பா வார்த்தை.”

“அப்பா திட்டுவாரா?”

“திட்டறதில்ல மேடம். கூப்புடறது. ‘பேமானி, தண்ணி எடுத்தா. பேமானி, மாட்டப் புடிச்சிக் கட்டு. பேமானி, இங்க வந்து பாரு, பொண்ணு நடக்குது.’ எல்லாத்துக்கும் அதான். அம்மா பேரு சொல்லி அவரு கூப்ட்டு நான் கேட்டதே இல்ல.” அவள் சிரித்துவிட்டாள். “ஒரு கதை இருக்குது. என்ன ஒண்ணாவது சேக்கறப்ப அம்மாதான் இட்டுக்கினு போனாங்க. சேரு மேல ஒக்கார வச்சி டீச்சர் கேட்டாங்க, உன் பேரு இன்னா? சொன்னேன். அப்பா பேரு? சொன்னேன். அம்மா பேரு? பேமானின்னு சொன்னேன். எனக்கு அதான் பேருன்னு நெனப்பு. டீச்சர் கன்னத்துல ஒண்ணு வச்சாங்க பாருங்க. அப்புறம் விஷயம் தெரிஞ்சி ஸ்டாஃப் ரூமே சிரிச்சிது. அப்பா இத்த எல்லா கல்யாணத்துலயும் சொல்லிச் சொல்லி சிரிப்பாரு.”

“அம்மா?”

“அம்மாவும் சிரிப்பாங்க.” ஷாலினி தம்ளரைக் கீழே வைத்தாள். மர நிழலில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “அன்னிக்கு டீச்சர் கிட்ட அம்மா தன் பேர தானே சொன்னாங்க மேடம். ‘செண்பகங்க’ன்னு. மெதுவா. டீச்சருக்குக் கேக்கல. இன்னொரு தரம் சொல்லுங்கன்னாங்க.”

அன்று மாலை கலைப்பிரியா படிவத்தை எடுத்து, ‘ஸ்லாங்’ என்பதை அடித்துவிட்டுத் தமிழிலேயே எழுதினாள்: ‘வீட்டில் இவரை அழைக்கும் சொல்.’ மூளை, வாழ்நாளில் அதிகம் கேட்டதைத்தான் கடைசிவரை பிடித்து வைத்துக்கொள்கிறது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. அது அப்படித்தானா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பெயர் என்ன என்ற முதல் கேள்விக்கு அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்ன பதில் இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

அடுத்த முறை துரைக்கண்ணு வந்ததும் அவரைத் தனியே உட்காரவைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேசை மீதிருந்த படங்களை அடுக்கினாள், கலைத்தாள்.

“வீட்ல ஒரு பயிற்சி செய்யணும்யா. சாப்பாடு குடுக்கறப்ப, மாத்திரை குடுக்கறப்ப, அவங்களப் பேர் சொல்லிக் கூப்புடுங்க. அவங்க காதுல அந்தப் பேரு விழணும்.”

“இன்னா பேரு?”

“செண்பகம்.”

அவர் முகம் புதுமாப்பிள்ளை முகம்போலச் சிவந்தது. “பேரு சொல்லியா? நானா? அசிங்கமா இருக்காதா மேடம்?”

“பேமானின்னு கூப்புடறீங்களே, அது?”

கேட்டுவிட்டாள். துரைக்கண்ணுவுக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

“யாரு, ஷாலு சொல்லுச்சா? அது திட்டா மேடம்? சும்மா ஒரு பேச்சு வழக்கு. எங்கப்பாவும் எங்கம்மாவ அப்பிடித்தான் கூப்ட்டாரு. ஆசையா கூப்புடறது. அவ மேல எனக்கு இன்னா கோவம் இருக்குது?”

“அவங்க சொன்னா மட்டும் அசிங்கமா இருக்குதாய்யா?”

“பொம்பள வாய்ல வரலாமா மேடம்?” என்றார் அவர், அவளுக்குத் தெரியாத ஒன்றை எடுத்துச் சொல்கிற பொறுமையோடு.

இருந்தாலும் முயன்றார். செண்பகத்தை உள்ளே அழைத்து எதிரில் உட்கார வைத்தபோது எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டு, “செ…” என்றார். சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி, “செண்…” என்றார். செண்பகம் அசையாமல் அவர் வாயையே பார்த்தாள். கலைப்பிரியாவின் வாயைப் பார்த்துச் சொல் கற்றுக்கொள்ளும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி. “ஊட்ல சொல்லிப் பழகறன் மேடம்,” என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். செண்பகம் அவர் போன வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். பிறகு மேசையை இடது கையால் தட்டத் தொடங்கினாள். பயிற்சியை ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

நிச்சயத்துக்கு முந்தைய வாரம்தான் அவளுக்கு இன்னொரு சொல் வந்தது. “ஷாலு.” தெளிவாக, முழுதாக. சவுரியம்மாள் உள்ளே ஓடிவந்து கைதட்டினாள். அதற்குப் பின்னால் “வேணாம்” வந்தது. “பேரு” வந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவே பழைய சொல் வந்து குறுக்கே விழுந்துகொண்டிருந்தது. இன்னும் சில மாதங்கள் விடாமல் வந்தால் எவ்வளவோ முன்னேற்றம் தெரியும் என்று கலைப்பிரியா துரைக்கண்ணுவிடம் சொன்னாள்.

“அது நின்னுடுமா மேடம், வெள்ளிக்கெழமைக்குள்ள?” என்று மட்டும் அவர் கேட்டார்.

நிச்சயதார்த்தம் வளவனூரில் ஒரு சிறிய மண்டபத்தில். ஷாலினி வற்புறுத்தியதால் கலைப்பிரியாவும் போனாள். மாப்பிள்ளை ரஞ்சித் திண்டிவனத்துப் பையன், கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கலகலப்பானவன். அவன் அம்மா தேவகி எல்லோரிடமும் தானாகவே போய்ப் பேசினாள். செண்பகம் அரக்குப் பட்டில், பெண்கள் வரிசையின் முதல் நாற்காலியில் இருந்தாள். வலது கையைப் புடவைத் தலைப்பு மூடியிருந்தது. கிட்டப் போன கலைப்பிரியாவைப் பார்த்து உதட்டை இறுக மூடிக்கொண்டே சிரித்தாள்.

“மௌன விரதம்,” என்று ஷாலினி காதோடு சொன்னாள். “திருவாமாத்தூர் கோயிலுக்கு வேண்டிக்கினதா மாப்ள ஊட்டுக்காரங்க கிட்ட சொல்லியிருக்காரு அப்பா. கைக்கு முடியலன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியும். காலைலருந்து அம்மா வாயே தொறக்கல மேடம். தண்ணிகூடக் குடிக்கல.”

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. தட்டு மாற்றினார்கள். மோதிரம் போட்டார்கள். தேவகி தானே எழுந்து வந்து செண்பகத்தின் நெற்றியில் குங்குமம் வைத்து, இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விரதம் முடிஞ்சதும் நம்ம ஊட்டுக்கு வரணும் சம்பந்தி. ரெண்டு நாள் தங்கிப் போற மாதிரி வரணும். உங்க பொண்ண என் பொண்ணாட்டம் பாத்துக்குவேன்.”

அந்தச் சொற்கள் செண்பகத்தின் முகத்தை அப்படியே திறந்துவிட்டன. காலையிலிருந்து பூட்டி வைத்ததெல்லாம் மறந்து போயிற்று. தேவகியின் கையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, கண் கலங்க, மனம் நிறைந்து சொன்னாள்.

“பேமானி.”

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். தேவகி கையை உருவிக்கொண்டாள்.

“ஏய் பேமானி, வாய மூடு!” என்று ஆண்கள் பக்கமிருந்து துரைக்கண்ணு கத்தினார்.

அவர் கத்தியதற்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் செண்பகத்தின் மேலேயே இருந்தது. அவரது கத்தல் அந்த மண்டபத்துக்குள் மின்விசிறிச் சத்தம்போலக் கலந்து போயிற்று. கலைப்பிரியாவுக்கு மட்டும் அது தனியே காதில் நின்றது.

பிறகு துரைக்கண்ணு கைகூப்பிக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார். பக்கவாதம், ஆஸ்பத்திரி, ஒரே சொல் மாட்டிக்கொண்டது. தேவகி கெட்டவள் இல்லை. “இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? நோய்க்கு யாரு இன்னா பண்றது?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “கல்யாணத்தன்னிக்கு மட்டும் அவங்க உள்ளயே இருக்கட்டும். எங்க சைடுல ஆபீசருங்க எல்லாம் வருவாங்க” என்றாள். துரைக்கண்ணு தலையை ஆட்டினார். செண்பகத்தை மேடைக்குப் பக்கத்து அறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கலைப்பிரியா கூடவே போய் உட்கார்ந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. மேடை தெரிந்தது.

மண்டபத்தின் இறுக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று ரஞ்சித் நினைத்திருப்பான். போட்டோவுக்கு நிற்கும்போது ஷாலினி அழுத கண்ணோடு இருந்தாள். அவன் அவள் பக்கம் சாய்ந்தான்.

“இன்னா பேமானி, சிரிக்க மாட்டியா? கேமராக்காரரு காத்துக்கினு இருக்காரு பாரு.”

அவன் கூட்டாளிகள் ஓவென்று கத்தினார்கள். தேவகியும் சிரித்தாள். துரைக்கண்ணு சிரித்தார், அப்பாடா என்று. கடைசியில் ஷாலினிக்கும் சிரிப்பு வந்து, வெட்கத்தில் முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டாள். படம் மிக அழகாக வந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அறைக்குள் செண்பகம் நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாயைத் திறந்தாள். வரப்போவது எது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரே ஒரு முறை பயிற்சிக்கு வந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது, அழைத்து வர ஆள் இல்லை என்று ஷாலினி போனில் சொன்னாள். “அம்மா இப்ப எதுவும் பேசறதில்ல மேடம். அந்த வார்த்தைகூட இல்ல. அப்பாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் ஊடு ஒரு மாதிரி இருக்குது.”

கார்த்திகை மழையில் இரண்டாம் முறை பக்கவாதம் வந்து, விழுப்புரம் வந்து சேருவதற்குள் செண்பகம் போய்விட்டாள்.

கலைப்பிரியா துக்கத்துக்கு அவர்கள் ஊருக்குப் போனபோது தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ரோஜாப்பூக்களுக்கு நடுவே அரக்குப் பட்டில் அவள் படம். கீழே பெரிய எழுத்தில் ‘செண்பகம்’. மழைக்கு ஒதுங்கிய சைக்கிள்காரர் ஒருவர் அண்ணாந்து படித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். “யாருங்க இது, செண்பகம்?”

“நம்ம தொரக்கண்ணு பொண்டாட்டி.”

“அட, அவங்களா!”

வீட்டில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே துரைக்கண்ணு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கொண்டையில் பூவை அவரே வைத்திருந்தார். நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கி ஒதுக்கிவிட்டுக்கொண்டே அழுதார். “என்ன உட்டுட்டுப் போயிட்டியே பேமானி. நான் இன்னா பண்ணுவன் பேமானி. எழுந்து ஒரு வார்த்தை பேசு பேமானி.” அவ்வளவு பிரியத்தோடு ஒருவர் அழுது கலைப்பிரியா கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

வருடம் கழியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாமெனப் பெரியவர்கள் சொல்லித் தை மாதமே கல்யாணம் என்று முடிவாயிற்று. பொங்கல் முடிந்த கையோடு ஷாலினியும் ரஞ்சித்தும் பத்திரிகை வைக்க மருத்துவமனைக்கு வந்தார்கள். சவுரியம்மாளுக்கு ஒன்று, இளம் மருத்துவருக்கு ஒன்று. பத்திரிகையில் அம்மா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போட்டிருந்ததை ஷாலினி விரலால் காட்டினாள். நன்றாகத்தான் பேசினாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

“நீங்க கண்டிப்பா வரணும் மேடம். அம்மாவுக்கு உங்கள ரொம்பப் புடிக்கும்.”

ரஞ்சித் வாசலில் பைக்கைத் திருப்பி நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

“ஜல்தி வா பேமானி. விக்கிரவாண்டி டோல்கேட்ல கூட்டமாயிடும்.”

“தோ வர்றேன்,” என்று ஷாலினி பையை எடுத்தாள். அந்தப் பேரில்தான் பிறந்ததுமுதல் கூப்பிட்டார்கள் என்பதுபோல அவ்வளவு இயல்பாகத் திரும்பினாள்.

கலைப்பிரியா எழுந்து நின்றாள்.

“ரஞ்சித், ஒரு நிமிஷம் உள்ள வாங்க,” என்றாள்.

செண்பகம் கடைசியாக வந்த அன்று படங்களையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டிருந்தாள். கலைப்பிரியாவின் கைப்பேசியைத் தானே எடுத்துக் கொடுத்து, ஷாலினி அனுப்பியிருந்த நிச்சயதார்த்தப் படத்தைத் திறக்கச் செய்தாள். சிரித்துக்கொண்டு நிற்கிற மகளின் மேல் விரலை வைத்தாள். பிறகு அவள் பக்கம் சாய்ந்திருந்த ரஞ்சித்தின் வாயின் மேல் வைத்தாள். உதடு நடுங்கிற்று. வியர்த்தது. வெகு நேரம் ஆயிற்று. அந்தச் சொல் அன்றைக்கு ஒரே ஒரு முறைதான் வந்தது, அதுவும் வேறொரு சொல்லுக்குப் பதிலாக அல்ல, அந்தச் சொல்லையே சொல்வதற்காக வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

“ஷாலு… பேரு. பேமானி… வேணாம். மாப்ள கிட்ட… நீ… சொல்லு.”